அனுமதி வரும் முன்னே, எல்லை வரும் பின்னே

தெற்குச் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநில விவகாரத்தில் இதுவரை சொல்லப்பட்ட சமாதானங்களிலேயே அதிகம் எரிச்சலூட்டுவது, "சதுப்புநிலத்தின் எல்லை இன்னும் இறுதி செய்யப்படவில்லை" என்பதுதான். பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளுக்கு 2025 ஜனவரியில் அனுமதி தரப்பட்டது. அந்தப் புல எண்கள் ராம்சார் என்ற பன்னாட்டு நீர்நிலப் பட்டியலுக்கான வரைபடத்துக்குள் அல்லவா இருக்கின்றன என்று கேள்வி எழுந்தபோது வந்த பதில் இது. அக்டோபர் இறுதியில் உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதன் பிறகும் அதே பதில்தான். கள ஆய்வு நடக்கிறது, அளந்து முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

அளந்து முடிக்கட்டும் என்பது நியாயமான பேச்சு. அதை அனுமதி கொடுப்பதற்கு முன்பு சொல்லியிருக்க வேண்டும்.

தாம்பரத்துக்கு அப்பால் அரை கிரவுண்டு மனை வாங்கியவர் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால் என்ன நடக்கிறது? பத்திரத்தில் உள்ள அளவுக்கும் புல வரைபடத்தில் உள்ள அளவுக்கும் இரண்டு அடி வித்தியாசம் இருந்தால் கோப்பு திரும்பி வரும். தாலுகா அலுவலகத்துக்கு நடந்து, பணம் கட்டி, சர்வேயர் வரும் நாளுக்காகக் காத்திருந்து, கல் நட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால்தான் மறுபடியும் அனுமதி தரும் மேசையின் முன் உட்காரவே முடியும். அந்த மனிதருக்கு எல்லையில் சந்தேகம் என்றால் பதில் 'முடியாது'. ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவருக்கு எல்லையில் சந்தேகம் என்றால் பதில் 'தாராளமாக'. ஒரே சட்டம், ஒரே நகரம், ஒரே மேசை.

எல்லை உண்மையிலேயே தெரியாதா என்பது அடுத்த கேள்வி. 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான நீர்நில உடன்படிக்கையில் இந்தியா 1982-இல் சேர்ந்தது. அதன் இரண்டாவது பிரிவு தெளிவாகவே பேசுகிறது. பட்டியலில் சேர்க்கப்படும் ஒவ்வொரு நீர்நிலத்தின் எல்லையும் துல்லியமாக விவரிக்கப்பட வேண்டும், வரைபடத்திலும் குறிக்கப்பட வேண்டும். 2022-இல் பள்ளிக்கரணை அந்தப் பட்டியலில் ஏறியபோது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் என்று பரப்பளவு சொல்லப்பட்டது. அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ ஒரு வரைபடம் வரைந்து, அதற்குள் அடங்கும் நிலத்தைக் கூட்டிப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அதைக் கொண்டாடி அறிக்கை விட்டார்கள், பாராட்டுகளையும் பெற்றுக்கொண்டார்கள். சுவிட்சர்லாந்தின் கிளாண்ட் நகரில் இருக்கும் ராம்சார் செயலகத்துக்குக் காட்ட ஒரு எல்லை இருந்தது. பெரும்பாக்கத்துக் கோப்பு மேசைக்கு வந்தபோது மட்டும் அந்த எல்லை காணாமல் போய்விட்டது.

சட்டமும் ஒன்றும் மங்கலாக இல்லை. 2017-ஆம் ஆண்டின் நீர்நிலப் பாதுகாப்பு விதிகள், ராம்சார் பட்டியலில் உள்ள இடங்களுக்குத் தனி அறிவிக்கை எதுவும் இல்லாமலே பொருந்தும். நீர்நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது. சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது. இந்த இரண்டையும் படித்துப் புரிந்துகொள்ள நிபுணர் குழு தேவையில்லை. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும்வரை ராம்சார் பகுதிக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எந்த அனுமதியும் கூடாது என்று உத்தரவிட வேண்டி வந்தது. எட்டு மாதம் முன்பே, யாரும் சொல்லாமலே, அந்த மேசையிலிருந்தவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை அது.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தமிழில் கழுவெளி என்று பெயர் பெற்ற இந்த நிலவகை, வருடம் முழுவதும் ஒரே அளவில் கிடப்பதில்லை. மே மாதம் 200 அடி ரேடியல் சாலையில் நின்று பார்த்தால், ஓரங்களில் வெடித்த சேறும் காய்ந்த சம்புப் புல்லும் வேலிக் கம்பியில் சிக்கிய பிளாஸ்டிக் பைகளும்தான் தெரியும். மாடு மேயும். நவம்பரில் அதே இடத்தில் மாடு நின்ற திட்டுக்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், நாமக்கோழிகள் கூட்டமாக நீந்தும், சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சிலர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பூநாரையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மே மாதத்தில் அளப்பவருக்கு அது காலி மனை, நவம்பரில் அளப்பவருக்கு ஏரி. விதிகள் உச்ச வெள்ள மட்டத்தைக் கணக்கில் எடுத்தது இதனால்தான். அளவுச் சங்கிலி எந்த மாதத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து இந்த நிலத்தின் தலைவிதி மாறிவிடும்.

அந்தத் தலைவிதி இந்த நிலத்தோடு நிற்பதில்லை. கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் என்று மேட்டிலிருக்கும் ஏரிகளின் கலங்கல் வழிந்து வரும் தண்ணீரெல்லாம் கடைசியில் சேர்வது இங்கேதான். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் அது போக வேண்டும். வரும் வழிகள் பல, போகும் வழி ஒன்று. நடுவில் தாங்கி நிற்பது இந்தப் பள்ளம்.

கணக்கு எளிது. சுமார் 15 ஏக்கர் தாழ்வான நிலத்தில் சவுடு மண் அடித்து ஒரே ஒரு மீட்டர் உயர்த்தினால், அங்கே நின்றிருக்க வேண்டிய 6 கோடி லிட்டர் தண்ணீருக்கு இடம் இல்லாமல் போகும். 2019 ஜூலையில் சென்னையின் தாகத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். 6 கோடி லிட்டர் என்றால் அப்படி 24 ரயில் தண்ணீர். அது ஆவியாகிவிடாது, பக்கத்துத் தெருவுக்குப் போகும். அங்கே 1990-களில் கட்டிய தனி வீடுகள் இருக்கின்றன. சாலையிலிருந்து மூன்று படி ஏறி நுழையும்படி கட்டிய வீடுகள். சாலை மேல் சாலை போட்டு, சுற்றிலும் மனைகள் உயர்ந்து, இன்று அதே வாசலுக்குச் சாலையிலிருந்து இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் தண்ணீர் நின்ற கறை சில வீட்டுச் சுவர்களில் இரண்டு கோட்டுப் பெயிண்டுக்குப் பிறகும் மங்கலாகத் தெரிகிறது.

தெற்குச் சென்னையின் அடுக்குமாடி விளம்பரங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் இந்தக் கூத்தின் இன்னொரு பக்கம் தெரியும். பசுமைக் கட்டடம், நீர்நிலைக் காட்சி, இயற்கையோடு இணைந்த வாழ்வு என்று பக்கத்துக்குப் பக்கம் வாக்குறுதி. பேஸ்மென்ட் கூரைமேல் இரண்டடி மண் பரப்பி, அதில் புல்தரை, பாம் மரம், நடுவில் ஓடு பதித்த ஒரு செயற்கைக் குளம். அந்தக் குளத்துக்கு டேங்கர் லாரித் தண்ணீர். பள்ளத்தைத் தூர்த்த இடத்தில் பள்ளம் செய்து விற்பதற்கு லேண்ட்ஸ்கேப் டிசைன் என்று பெயர். மாநகரத்தின் இன்னொரு கையோ வெள்ளத்தைக் குறைக்க 'ஸ்பாஞ்ச்' பூங்கா அமைக்கிறது, கிண்டி ரேஸ் கிளப் நிலத்தில் குளங்கள் வெட்டுகிறது. நல்ல வேலைதான். ஒரு கை செலவு செய்து குளம் வெட்டும் அதே நேரத்தில், இன்னொரு கை செலவில்லாமல் கிடைத்த குளத்தைத் தூர்க்கக் கையெழுத்துப் போடுகிறது.

பட்டா வைத்திருப்பவர்களின் குறை உண்மையானது. ராம்சார் பரப்பில் காப்புக்காடு போக மீதமுள்ள பகுதியில் தனியார் நிலங்களும் இருக்கின்றன, ஒரு கிலோமீட்டர் தடையில் ஏற்கெனவே வீடு கட்டி வாழும் சாதாரணக் குடும்பங்களும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கடன் வாங்கி முன்பணம் கட்டியவர்கள் தூக்கமில்லாமல் இருப்பார்கள். இவர்களை இந்த நிலைக்குக் கொண்டு வந்ததும், மூன்று வருடம் கல் நடாமல் இருந்துவிட்டு அனுமதி மட்டும் வழங்கிக்கொண்டிருந்தவர்கள்தான்.

இது முதல் தடவை என்றால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அந்த மேசைகளின் பழைய கோப்புகளைத் திறந்தால் வேறு கதை வரும்.

1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படும் கழுவெளி இது. ரெவின்யூ ஆவணத்தில் புறம்போக்கு என்று எழுதியிருந்ததால், எதற்கும் உதவாத நிலம் என்று அந்த மேசைகளில் இருந்தவர்களே முடிவு கட்டினார்கள். பெருங்குடியில் குப்பை கொட்ட ஆரம்பித்து 225 ஏக்கர்வரை கொட்டினார்கள். இப்போது அதே குப்பையைத் தோண்டிப் பிரிக்க 'பயோமைனிங்' என்று கோடிக்கணக்கில் செலவு. சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு 200 அடிச் சாலை போட்டார்கள், தண்ணீர் கடக்கச் சில குழாய்ப் பாலங்களை விட்டார்கள். கடலையும் காற்றையும் ஆராயும் மத்திய அரசு நிறுவனங்களுக்கே இங்கே இடம் ஒதுக்கினார்கள். பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடு ஆனபோது, காப்பதற்கு மிஞ்சியிருந்தது மூலையில் ஒரு துண்டு.

பெரும்பாக்கம் என்ற பெயர் இந்தக் கதையில் வருவதும் இப்போதுதான் என்று இல்லை. 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் குடிசைகளை இழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை, வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கொண்டுபோய் வைத்த ஊர் அது. வெள்ளத்தில் நனைந்தவர்களைச் சதுப்பின் ஓரத்துக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள். வேலை நகரத்தில், வீடு பெரும்பாக்கத்தில். மழை வந்தால் அங்கும் தண்ணீர்.

மௌலிவாக்கத்தை மறந்திருக்க முடியாது. 2014 ஜூன் 28 மாலை, மழைக்கு நடுவே, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அனுமதிச் சீட்டு எத்தனை கைகளைக் கடந்து வந்தது, எந்தக் கை எதைச் சரிபார்த்தது என்று அப்போதும் கேட்டார்கள். விதிமீறிய கட்டடங்களை அபராதம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தும் பழக்கம் 1999-இலிருந்தே இருந்த நகரத்தில், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அவசரம் யாருக்கு இருக்கும்?

2023 டிசம்பர் 4-ஐயும் சேர்த்துக்கொள்ளலாம். மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையோரம், கட்டுமானத்துக்காகத் தோண்டியிருந்த சுமார் 50 அடிப் பள்ளத்தின் ஓரம் சரிந்தது. தண்ணீரும் சேறும் நிரம்பிய அந்தக் குழியிலிருந்து இரண்டு பேரின் உடலை எடுக்க நாள் கணக்கில் ஆனது. ராட்சத மோட்டார்கள் இரவு பகலாக ஓடின. இறைக்க இறைக்கத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. நிலத்தடியில் இருப்பது என்ன என்று அந்தக் குழி நான்கு நாள் நகரத்துக்கே காட்டியது. பதின்மூன்று மாதம் கழித்துப் பெரும்பாக்கம் கோப்பில் கையெழுத்து விழுந்தது.

ஒவ்வொரு தடவையும் ஒரு குழு, ஒரு ஆய்வு, ஒரு அறிக்கை. குழுவின் அறிக்கை வரும்போது கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். "இத்தனை பேர் குடிவந்துவிட்டார்கள், இனி என்ன செய்வது" என்று மனிதாபிமானம் பேசப்படும். 'எல்லை இறுதியாகவில்லை' என்ற வாசகம் அந்த நேரம் வரும்வரை நாள் கடத்துவதற்கான சாக்கு என்று மக்கள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லை இறுதியாகாமல் இருப்பதில் நஷ்டப்படுகிறவர் யார், லாபப்படுகிறவர் யார் என்று பார்த்தாலே போதும்.

கள ஆய்வு சீக்கிரம் முடியட்டும், மழைக்காலத்தில் நடக்கட்டும், முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடட்டும். அதுவரை சந்தேகத்தின் பலன் தண்ணீருக்குப் போக வேண்டும். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறும் நேர்மையும், கையெழுத்துப் போட்டவர்களிடம் விளக்கம் கேட்கும் துணிவும் மேலிடத்துக்கு வர வேண்டும். நகரத்தின் அடுத்த முழுமைத் திட்டமாவது பள்ளங்களைப் பள்ளங்களாக விட்டுவைக்க வேண்டும். அனுமதி தரும் முறையே மாறியாக வேண்டும்.

இதற்கிடையே பருவமழை தன் வழக்கப்படி வரும். ஒக்கியம் மடுவில் மிதவை இயந்திரங்கள் இறங்கி ஆகாயத்தாமரையை அள்ளும். குடை பிடித்த உதவியாளர்களுடன் அதிகாரிகள் கரையில் நின்று கையை நீட்டி எதையோ காட்டுவார்கள், மறுநாள் நாளிதழ்களில் அந்தப் படம் வரும். போன வருடப் படத்தையும் அதற்கு முந்தைய வருடப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே குடை, அதே நீட்டிய கை. பின்னால் தெரியும் கிரேன்கள் மட்டும் கூடிக்கொண்டே வருகின்றன.