ரயில் போன தடத்தில் மூன்று தலைமுறை

'கிராவல் பைக்' இப்போது சைக்கிள் கடைகளில் அதிகம் கண்ணில் படுகிறது. பார்ப்பதற்குப் பந்தய சைக்கிள் போலவே வளைந்த கைப்பிடி இருக்கும். டயர் மட்டும் தடிமன். பந்தய சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம் என்றால், இதன் டயர் 40 மில்லிமீட்டர் வரை, சில வண்டிகளில் அதற்கும் மேலே போகும். காற்றையும் குறைவாகவே அடைப்பார்கள். அதனால் சரளைக்கல், மண் பாதை, தோட்டப் பாதை என்று எங்கும் பிடிப்போடு ஓடும். இதை அப்பாவிடம் விளக்கியபோது அவர் சிரித்துவிட்டார். "எஸ்டேட் செம்மண் ரோட்டுல நாங்க ஓட்டினதுக்கு இப்பதான் பேர் வச்சிருக்காங்களாம்மா?" என்றார்.

அப்பாவுக்கு 71 வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் வாளிகளைச் சைக்கிளில் கட்டி ஓட்டி வளர்ந்தவர். கிள்ளானுக்குக் குடிவந்த பிறகும் காலையில் சந்தைக்குச் சைக்கிளில்தான் போவார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு லாரி உரசிவிட்டுப் போனதில் மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, சைக்கிள் மட்டும் சுவரில் மாட்டியபடியே இருந்தது. என் மகனுக்கு 11 வயது. அவன் சைக்கிள் ஓட்டும் உலகம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தோடு முடிந்துவிடும். அதற்கு வெளியே அவனை அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. இதைப் படிக்கும் பல வீடுகளிலும் இதே நிலைதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு இடம் தேடியபோது நான் கேட்டது ஒன்றுதான்: தாத்தாவும் பேரனும் வாகனப் பயமில்லாமல் ஒன்றாகச் சைக்கிள் ஓட்ட எங்கே முடியும்? கிடைத்த பதில், தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு.

அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைக்குப் பெயர் போன ஊர் என்பதால் அங்குள்ள சைக்கிள் பாதைக்கு 'ரீஸ்லிங் டிரெயில்' என்றே பெயர். தெற்கே ஆபர்னில் தொடங்கி லீசிங்ஹம், வாட்டர்வேல், பென்வொர்த்தம், செவன்ஹில், கிளேர் வழியாக பரீனியா வரை 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. இறுக்கமாக அழுத்தப்பட்ட சரளைப் பாதை. காரோ மோட்டார் சைக்கிளோ உள்ளே வர முடியாது. சில இடங்களில் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும், அங்கே மட்டும் இறங்கிப் பார்த்துப் போனால் போதும்.

இது ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். 1918இல் கிளேருக்கு ரயில் வந்தது. திராட்சையும் தானியமும் அதில்தான் போயின. 1983 பிப்ரவரி 16 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் பரவிய பெரும் காட்டுத்தீயை அங்கே 'சாம்பல் புதன்' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தத் தீயில் இந்தத் தண்டவாளமும் சேதமடைந்தது. மறு ஆண்டே ரயில் பாதை மூடப்பட்டது. அப்படியே புதர் மண்டிப் போயிருக்கலாம். உள்ளூர் மக்களும் ஒயின் தயாரிப்பாளர்களும் விடவில்லை. 1994 முதல் பகுதி பகுதியாக அது நடைக்கும் சைக்கிளுக்குமான பாதையானது.

ரயில் தடமாக இருந்ததில் நமக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. எனவே அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் மெல்ல மெல்ல ஏறும்படி தடம் போட்டார்கள். ஆபர்னிலிருந்து நடுவழி வரை ஏற்றம், பிறகு கிளேர் வரை இறக்கம். ஏறுகிறோம் என்பதே கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு மட்டும் மின்சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். முதல் இரண்டு கிலோமீட்டர் அவர் வலது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பின்னால் ஏதாவது சத்தம் கேட்டால் தோள் இறுகுவது எனக்குத் தெரிந்தது. லீசிங்ஹம் தாண்டியபோது அவர் எங்களுக்கு முன்னால் போயிருந்தார். பேரன் மூச்சு வாங்க, "தாத்தா, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே துரத்தினான். சாலையில் இப்படி ஒரு சத்தத்தை நான் அனுமதித்ததே இல்லை.

செப்டம்பர் அங்கே வசந்தம். வெட்டிவிட்ட கொடிகளில் தளிர் விடும் நேரம். இருபுறமும் கம்பி கட்டி நேர்கோட்டில் நட்ட திராட்சை வரிசைகள், இடையிடையே பெரிய யூக்கலிப்டஸ் மரங்கள். அப்பா ஓரிடத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். "நம்ம ரப்பர் நிரை மாதிரியே இருக்கு. எத்தனை பேர் குனிஞ்சு நிமிர்ந்த இடமோ," என்றார்.

வழியில் நிற்க வேண்டிய இடங்கள் பல. பென்வொர்த்தம் சிற்றூரில், அதை நிறுவிய ஜான் ஹொரொக்ஸின் கல்லறை இருக்கிறது. 1846இல் உள்நாட்டை ஆராயப் புறப்பட்டவர், கூடவே ஹாரி என்ற ஒட்டகத்தையும் கொண்டுபோனார். அவர் துப்பாக்கியில் குண்டு நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒட்டகம் அசைந்து துப்பாக்கி வெடித்தது. அந்தக் காயத்தில் சில வாரங்களில் இறந்துபோனார். அவருக்கு வயது 28. ஒட்டகம் ஒருவரைச் சுட்ட கதையை என் மகன் இன்னும் பள்ளியில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

செவன்ஹில்லில் இயேசு சபைத் துறவிகள் 1851இல் தொடங்கிய ஒயின் ஆலை உள்ளது. பள்ளத்தாக்கிலேயே பழமையானது. தேவாலயப் பூசைக்கு வேண்டிய ஒயினுக்காகத் தொடங்கினார்கள், இன்றும் அதைத் தயாரிக்கிறார்கள். கல்லால் கட்டிய தேவாலயமும் நிழல் தரும் மரங்களும் மதிய ஓய்வுக்கு ஏற்றவை.

ஒயின் என்றதும் சில வாசகர்களின் முகம் மாறும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சம்பள நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை அடுப்புகளை அணைத்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர் அப்பா, ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. இந்தப் பாதைக்குப் போக மது அருந்தியாக வேண்டும் என்பதில்லை. திராட்சைச் சாறு, காப்பி, ரொட்டி, ஆலிவ் என்று சாப்பிட நிறையக் கிடைக்கும். என் கணவர் இரண்டு மிடறு சுவைத்துப் பார்த்தார், அதுவும் அன்றைய சைக்கிள் ஓட்டம் முடிந்த பிறகு. சுவை பார்க்க விரும்புகிறவர்கள் இந்த வரிசையையே பின்பற்றுங்கள். பிள்ளைகளோடு போகும்போது கைப்பிடி நிதானமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படம் எடுப்பதற்காகத் திராட்சை வரிசைகளுக்குள் இறங்காதீர்கள். ஃபிலாக்ஸெரா என்ற மிகச் சிறிய பூச்சி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. வேரை உறிஞ்சிக் கொடியைக் கொல்லும் பூச்சி அது. தெற்கு ஆஸ்திரேலியா அதன் கையில் சிக்காமல் தப்பித்திருக்கிறது. காலணியிலும் டயரிலும் ஒட்டிய மண் வழியாக அது பரவக்கூடும். சொந்த சைக்கிளைக் கொண்டுபோகிறவர்கள் இங்கேயே மண் துளிகூட இல்லாமல் கழுவிவிட வேண்டும். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் அதைச் சோதிப்பார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அடிலெய்டுக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் ஏழு மணி நேரம். மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் நல்ல காலம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், காட்டுத்தீ அபாயமும் உண்டு. தலைக்கவசம் எல்லா வயதினருக்கும் சட்டப்படி கட்டாயம். வசந்தத்தில் மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை கூட்டைக் காக்க, சைக்கிளில் போகிறவர்களின் தலைக்கு மேல் பாய்ந்து வரும். பதறாமல் இறங்கி நடந்தால் போதும். 'தூங்குமூஞ்சிப் பல்லி' என்று உள்ளூரார் அழைக்கும் பெரிய பல்லிகள் பாதை நடுவில் வெயில் காயும். அவற்றுக்கு வழிவிட்டு ஓரமாகப் போங்கள். 30 கிலோமீட்டரையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற வீம்பு வேண்டாம். நாங்கள் ஆபர்னிலிருந்து கிளேர் வரை இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம்.

அவ்வளவு தூரம் போக எல்லாராலும் முடியாது என்பது உண்மை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு அருகிலேயே ஒன்று இருக்கிறது. 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் போன பிறகு, தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரையிலான 24 கிலோமீட்டர்த் தடம் மக்களுக்கான பசுமைப் பாதையாகிவிட்டது. மலேசியாவிலும் ரயில் ஓடாத தடங்கள் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, அதாவது இன்றைய கோலா செபத்தாங் வரை, 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்ட தடம். மலாயாவின் முதல் ரயில் பாதை. இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர் அதை அமைத்தார்கள். தண்டவாளம் இன்று இல்லை. ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதிய பலகை மட்டும் பழைய நிலையம் இருந்த இடத்தில் நிற்கிறது. 13 கிலோமீட்டர்கூட வராத தூரம். ஒரு சிற்றூர் மக்கள் எரிந்துபோன தடத்தில் சரளைக்கல் கொட்டித் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பாதை கொடுத்திருக்கிறார்கள். முதல் ரயில் ஓடிய நம் தடத்துக்கும் அப்படி ஒன்றை ஊர் கூடிக் கேட்கலாம். கேட்பதற்கு ஆள் சேர்ந்தால், சுவரிலிருந்து இறக்கிய சைக்கிளோடு அப்பா முதல் ஆளாக வந்து நிற்பார்.