ரப்பர் பாலும் எலுமிச்சம்பழமும்

இந்த வாரம் என் குர்தாவின் கதையோடு வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஒலிப்பதிவுக்காக பீடோங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். இன்னும் பால் வெட்டுகிற அக்காமார் சிலரைப் பேட்டி எடுக்க வேண்டும். வானொலிக்காரிக்குக் குரல் போதும் என்பதெல்லாம் அந்தக் காலம். இப்போது எல்லாவற்றுக்கும் காணொளியும் வேண்டும். அதனால் மறுநாள் சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்து வைத்திருந்த சந்தன நிறக் குர்தாவை அன்றே போட்டுக்கொண்டு போனேன். மைக்கை நீட்டிக்கொண்டு பால் வாளிக்கு மேல் குனிந்தபோது கால் வழுக்கியது. நான் விழவில்லை, வாளிதான் சாய்ந்தது. குர்தாவின் முன்பக்கம் முழுக்கப் பால்.

“உடனே தண்ணியில அலசிடுமா, காஞ்சா போகாது” என்றார் ஓர் அக்கா. பேட்டி முடியட்டும் என்று நான் கேட்கவில்லை. அங்கிருந்து சுங்கை பட்டாணியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பால் பாதி காய்ந்தும் காயாமலும் இருந்தது. நேராகக் குளிர்ப்பெட்டியைத் திறந்து எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பிழிந்தேன். கறை என்றாலே எலுமிச்சை என்று கைப்பேசியில் எத்தனை முறை பார்த்திருப்போம்!

அம்மா வாசலில் நின்று பார்த்தார். “ஏன் பாப்பா, பால் உறையிறதுக்கு ஸ்டோர்ல என்னா ஊத்துவாங்கன்னு உனக்குத் தெரியாதா? நீயும் அதத்தானே ஊத்திக்கிட்டு இருக்க?”

அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பரைக் கட்டியாக்கத்தான் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். கட்டியாகாமல் பாலாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் அம்மோனியா சேர்ப்பார்கள். எலுமிச்சையும் வினிகரும் அமிலம். கறையை எடுக்கிறேன் என்று என் குர்தாவிலேயே ஒரு சின்ன ரப்பர் தகடு செய்துவிட்டேன்!

ஊடகப் படிப்பில் பட்டம் வாங்கிய எனக்கு அன்று அம்மா நடத்திய பாடம் ஒன்றுதான்: கறை மேல் எதையாவது ஊற்றுவதற்கு முன் அது என்ன கறை என்று பார். யோசித்துப் பார்த்தால், நம் வீடுகளில் போகாமல் நிற்கும் கறைகளில் பாதி, நம் அவசரத்தால் நின்றவைதான்.

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்தியதும் சோப்பைத் தேய்க்கிறோம். மஞ்சள் கறை சட்டென்று சிவப்பாகிறது, பதறிப்போகிறோம். பதற வேண்டியதில்லை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்குமே, அதே கதைதான் இது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும். முதலில் குழம்பைக் கரண்டியால் வழித்தெடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகும் அளவுக்குப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு அலசுங்கள். மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வெயிலைக் கேட்கவே வேண்டாம், ஓரிரு நாள் கொடியில் போட்டால் மங்கிப் போய்விடும். வண்ணத் துணியாக இருந்தால் மட்டும் கவனம்: வெயில் மஞ்சளோடு துணியின் சாயத்தையும் வெளிறச் செய்யும்.

அடுத்தது ரத்தம். மழைக்காலத்தில் தோட்டப் பக்கம் போய் அட்டைக் கடி வாங்காதவர் உண்டா? கால்சட்டையில் ரத்தம் என்றதும் சுடுதண்ணீரில் ஊறப்போடுவார்கள். முட்டையின் வெள்ளைக்கரு சூடு பட்டால் எப்படி இறுகுகிறதோ அப்படித்தான் ரத்தத்தில் உள்ள புரதமும். சூடு பட்டால் நூலோடு நூலாக ஒட்டிக்கொள்ளும். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். கொஞ்சம் உப்புப் போட்டு ஊறவைத்துக் கசக்கினாலே பெரும்பாலும் போய்விடும்.

குழாய்த் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும் நாட்களில் துவைத்த வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளி விழும். அது அழுக்கு இல்லை, துரு. அதன் மேல் பிளீச் ஊற்றினால் கறை இன்னும் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைக்கு இங்கேதான் வேலை! சாற்றோடு உப்பைக் கலந்து தடவி, சற்று நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். ஆனால் அதே எலுமிச்சையை மார்பிள் தரையில் ஊற்றிவிடாதீர்கள். அமிலம் கல்லையே அரித்து மினுமினுப்பைக் கெடுத்துவிடும். சாமி அறையில் விளக்கு எண்ணெய் சிந்திய இடத்துக்குத் தண்ணீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். அரிசி மாவையோ முகப் பவுடரையோ தூவி இரவு முழுக்க விட்டால் எண்ணெயை அது குடித்துக்கொள்ளும். காலையில் கூட்டி அள்ளிவிட்டு சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும்.

இதுவரை சொன்னதில் தவறினால் போவது ஒரு சட்டை. இனிச் சொல்லப்போவதில் தவறினால் போவது மூச்சு.

2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங் வட்டாரத்தில் கூபாங் பக்கம் மலைத்தண்ணீர் திடீரென்று இறங்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். மூன்று உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது. அப்படி ஒரு வெள்ளம் வடிந்த பிறகு வீட்டில் நிற்பது சேறு. தரையில் உள்ள சேற்றைக் காயவிடாமல் ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். துணிகளைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, அப்புறம்தான் சோப்பு, இயந்திரம் எல்லாம். இதற்குப் பிறகு எல்லோர் கையும் போவது பிளீச் போத்தலுக்கு. கிருமி சாகட்டும் என்று பிளீச், கறை போகட்டும் என்று கழிவறை கழுவும் அமிலம், இரண்டையும் ஒரே வாளியில்!

எங்கள் காலை நிகழ்ச்சியில் ஒருமுறை ஒரு நேயர் அழைத்தார். “சிஸ், ரெண்டும் சேந்தா பவர் ஜாஸ்தியா இருக்கும்னு நெனச்சேன்லா. கண்ணு எரிஞ்சி, மூச்சு முட்டி, கதவத் தொறந்துகிட்டு வெளிய ஓடிட்டேன்” என்றார். அவர் வீட்டுக் கழிவறைக் கதவு திறந்திருந்தது அவருடைய நல்ல நேரம். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சும் அம்மோனியாவும் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களில் அம்மோனியா இருக்கிறது, போத்தலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வினிகரும் எலுமிச்சையும் அமிலம் என்பதை மறக்க வேண்டாம். பிளீச்சைத் தண்ணீரோடு மட்டும் கலங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். தப்பித் தவறிக் கலந்துவிட்டால் சுத்தம் செய்ய நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவமனைக்குப் போக யோசிக்கவே கூடாது.

சரி, குர்தாவுக்கு வருவோம். பனிக்கட்டியை ஒரு பையில் போட்டு ரப்பர் மேல் வைத்தார் அம்மா. இறுகியதும் நகத்தால் உரித்தார், பெரும்பகுதி வந்துவிட்டது. மிச்சத்துக்கு வீட்டுக்கு வெளியே உட்கார்ந்து, பஞ்சில் மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். அடுப்பு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வாசனை முழுக்கப் போகும்வரை அந்தத் துணியைத் துணி உலர்த்தும் இயந்திரத்திலும் போடக் கூடாது.

தண்ணீரில் கரையாத ரப்பர் இந்த மாதிரி எண்ணெய்களில் இளகும். கிளாஸ்கோவில் சார்ல்ஸ் மெக்கின்டோஷ் என்பவர் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசித்தான் மழைத்துணி செய்தார். 1823-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அவர் ரப்பரைத் துணியில் ஒட்டவைக்கச் செய்த வேலையை, எங்கள் லயத்து அம்மாமார் அதைத் துணியிலிருந்து எடுக்கச் செய்தார்கள்.

மண்ணெண்ணெய்க்குப் பிறகு அம்மா பாத்திர சோப்பை எடுத்து இரண்டு முறை தேய்த்து அலசினார். “இது எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உனக்கு அந்த நாலாம் வகுப்பு ஞாபகம் இருக்கா?” என்றார்.

இருந்தது. பள்ளி விட்டதும் நான் பால் ஸ்டோருக்கு ஓடி அம்மாவின் வாளியைப் பிடிப்பேன். வெள்ளைச் சட்டையில் பால் தெறித்து, காய்ந்து, கறுத்துப் போகும். ஒருநாள் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் எல்லோர் முன்னாலும், “உங்க வீட்டுல சோப்பு இல்லையா?” என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் இரவு உட்கார்ந்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். மறுநாள் சட்டையில் கறை இல்லை, வாசனை இருந்தது. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதை நான் அம்மாவிடம் சொன்னதே இல்லை என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“மண்ணெண்ணெய்க்கு அப்புறம் பாத்திர சோப்பு போட்டாத்தான் வாசனை போகும்னு அப்ப எனக்குத் தெரியல பாப்பா” என்றார் அம்மா, குர்தாவை உதறிக்கொண்டே. “நீ சொல்லாட்டியும் உன் மூஞ்சப் பாத்தாத் தெரியாதா? அப்புறம் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டுக் கத்துக்கிட்டேன்.”

குர்தாவை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனை மட்டும்தான். உற்றுப் பார்த்தால் முன்பக்கம் ஒரு மெல்லிய நிழல் தெரியும். மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு அதையேதான் போட்டுக்கொண்டு போனேன்.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். எந்தக் கறைக்கு எது என்று அம்மாவுக்கோ பாட்டிக்கோ தெரிந்திருக்கும். எந்த நாளில் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்!