கல் நட்டோம், கண்ணீரை மறந்தோம்!



ஆண்டுதோறும் சனவரி 11-ஆம் நாள் வருகிறது. திருப்பூரில் கொடிகாத்த குமரனுக்கு மாலைகள் குவிகின்றன, மேடைகள் முழங்குகின்றன, இரவில் விளக்குகள் அணைகின்றன. அத்துடன் நம் கடமை முடிந்ததா?

1932 சனவரித் தொடக்கத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டார். அடக்குமுறை தலைவிரித்தாடிய அந்நாளில், சனவரி 10 அன்று, திருப்பூர்த் தெருவில் கொடியேந்திச் சென்றவருள் ஒருவன் சென்னிமலை நெசவுக்குடியிற் பிறந்த குமாரசாமி. தறி தந்த வருவாய் போதாமல் திருப்பூருக்கு வந்து ஆலைப்பணி பார்த்த ஏழை. காவலர் தடியடியில் மண்டை பிளந்தும் கொடியை விடாத அவன், மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தான். அகவை 27.

இவ்வளவும் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால், 1923-இல் அவனுக்கு வாழ்க்கைப்பட்ட இராமாயியை அறிந்தோர் எத்தனை பேர்? ஈன்ற தாய் கருப்பாயியை நினைப்போர் எத்தனை பேர்? குமரன் உற்ற துன்பம் ஓரிரவு. அவர்கள் உற்றதோ வாழ்நாள் முழுவதும்! உயிரை ஈந்தவன் ஈகி என்றால், அவ்வுயிரை இழந்தும் வாழ்ந்தாக வேண்டியிருந்தவள் ஈகியல்லளா?

வீட்டழுகையைப் பேசினால் நாட்டுமறம் குன்றும் என்பார் உளர். பேதைமை! காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல்லுக்கு ஆறு துறை வகுத்த தொல்காப்பியமே, கணவனை இழந்தவளின் தாபத நிலைக்கும் துறை வகுத்தது. களத்தில் வீழ்ந்தானைப் போற்றிய புறநானூறு, கைம்மை நோற்றாளின் துயரையும் பொதிந்து வைத்தது. அதனால் தமிழ்மறம் குன்றிற்றா? கல்லை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணீரைக் கழித்தது நம் காலத்துக் கயமையே!

இன்று திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களில் பிசிறு வெட்டிப் பிள்ளைகளை வளர்க்கும் கைம்பெண்ணுக்குக் கொடியின் கதையினும் இராமாயியின் கதை நெருக்கமானது. அதை அவளுக்குச் சொன்னவர் யார்?

இளைஞரே! குமரனைப் பேசும் மேடைதோறும் இராமாயி, கருப்பாயி பெயர்களை முதலிற் சொல்லுங்கள். விடுதலைப் போரிலும் மொழிப்போரிலும் ஆளிழந்த குடும்பங்களை ஊர்தோறும் தேடுங்கள். முதியோர் வாய்மொழியை எழுதி வையுங்கள். அக்குடும்பம் நலிந்திருப்பின் கைகொடுங்கள். மாலைக்குச் செலவிடும் பணத்திற் பாதி அதற்குப் போதும்.

வீழ்ந்தவனை வணங்குவது எளிது. அவன் விட்டுச்சென்றவரைத் தாங்குவதே நன்றி!