ஓட்டலோட பச்சைச் சான்றிதழும் என் கீரைக்கட்டும்

போன வாரம் சென்னையிலிருந்து என் மச்சான் மகன் குடும்பத்தோட வந்திருந்தான். எங்க சாளையில ஏசி இல்லைங்கறதால பக்கத்துல இருக்கற ரிசார்ட்டுல ரூம் போட்டுட்டு, சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வந்தான். இலையில உக்காந்ததும் ஆரம்பிச்சான்: "இந்த ஓட்டல்காரங்க எல்லாம் ஃபிராடு மாமா. சுற்றுச்சூழல் சான்றிதழ்னு வாசல்ல மாட்டி வெச்சிருந்தாங்க. இப்ப பறி போயிருச்சாம்."

"மாப்ளே, ரெண்டு நாளா தங்கியிருக்கியே, எத்தனை துண்டு மாத்தினே?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு ரசத்தை ஊத்திக்கிட்டான்.

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கறவங்க கோவிச்சுக்காதீங்க. இந்த விசயத்துல ஓட்டல்காரரை மட்டும் திட்டறது சுலபம். மேட்டுப்பாளையம் பக்கத்துல மூணு ஏக்கர் தோட்டம் வெச்சுக்கிட்டு, ஏழு வருசமா அந்த ரிசார்ட்டு சமையக்கட்டு வாசல்ல நிக்கறவன் நான். அங்க நடக்கறது கொஞ்சம் தெரியும்.

சான்றிதழ் வாங்கறது பெரிய காரியமில்லைங்க. பணம் இருந்தா சோலார் போடலாம், எல்இடி பல்பு மாட்டலாம், கழிவுநீர் சுத்திகரிக்கற எஸ்டிபி கட்டலாம். அதைக் காப்பாத்தறதுதான் கஷ்டம். எஸ்டிபிங்கறது மோட்டார் போட்டா ஓடற மிஷின்னு நினைக்காதீங்க. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்குது, எங்க சாணிக்குழி மாதிரித்தான். சனி, ஞாயிறு எல்லா ரூமும் ரொம்பி வழியும். செவ்வாய், புதன்ல காத்தாடும். அந்த உயிருங்களுக்கு ரெண்டு நாள் விருந்து, அஞ்சு நாள் பட்டினி. கக்கூசு பளபளன்னு மருந்து வாசத்தோட இருக்கணும்னு நீங்க கேக்கறீங்க. ஹவுஸ்கீப்பிங் பையன் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் அள்ளி ஊத்தறான். அது போய்ச் சேர்றது அதே தொட்டிக்குத்தானே. அப்புறம் அங்க என்ன பொழைக்கும்? அதிகாரி வந்து தண்ணி எடுத்துச் சோதிச்சா ஃபெயில்.

வேலைக்கு இருக்கறது பீகார், ஒடிசாப் பசங்க. மக்கற குப்பை, மக்காத குப்பைன்னு பிரிக்கச் சொல்லிக் குடுத்து, கை பழகறதுக்குள்ள ஊருக்குப் போயிருவாங்க. புதுசா வந்தவனுக்கு எல்லா வாளியும் ஒண்ணுதான். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தற பிளாஸ்டிக்குக்குத் தடை. ஆனாலும் குப்பையில உறிஞ்சுகுழல் வருது, சாஸ் பாக்கெட் வருது. கண்ணாடி பாட்டில்ல தண்ணி வெச்சா, சீல் இல்லைன்னு சண்டை போடற விருந்தாளிகளை என் கண்ணால பாத்திருக்கேன்.

அந்த மீதிச் சோத்தையும் காய்த்தோலையும் நான்தான் மாட்டுக்கு எடுத்துட்டு வருவேன். மூணு வருசம் முன்னால ரெண்டாம் ஈத்து மாடு ஒண்ணு அசை போடறதை நிறுத்துச்சு. வயிறு உப்பிப்போய் நாலாம் நாள் செத்துப்போச்சு. டாக்டர் அறுத்துப் பாத்தா கையுறை, பாக்கெட்டு, உறை. எல்லாம் பந்தாட்டம் சுருண்டு கெடந்துச்சு. என் சம்சாரம் ரெண்டு நாள் சோறு திங்கலை. அன்னைக்கிருந்து ஒவ்வொரு வாளியையும் கையை விட்டுத் துழாவாம மாட்டுக்குப் போடறதில்லை. அந்த வேலைக்கு எந்தத் தாள்லயும் மார்க் இல்லை.

தாள்னதும் இன்னொண்ணு. சான்றிதழைப் புதுப்பிக்க வந்த ஆளு, காய்கறி இயற்கையில விளைஞ்சதுக்கு ஆதாரம் கேட்டாராம். பர்ச்சேஸ் மேனேஜர் தம்பி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்து, "உங்க கீரையைத்தாங்ணா நானும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். ஆனா ஃபைல்ல வைக்க ஒண்ணுமில்லையேங்ணா"ன்னான். கோயமுத்தூர்ல அரசாங்கத்தோட அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்குது, இல்லைங்கலை. ஆனா ஒரு போகப் பயிருக்கு ரெண்டு வருசம், நீண்டகாலப் பயிருக்கு மூணு வருசம் மாற்றுக் காலம்னு இருக்கு. பக்கத்துத் தோட்டத்து மருந்து வரப்பு தாண்டி வராம இடைவெளி விடணும். மூணு ஏக்கர்ல இடைவெளி போக என்ன மிஞ்சும்? பிஜிஎஸ்னு விவசாயிகளே ஒருத்தருக்கொருத்தர் உறுதி சொல்ற முறையும் இருக்கு. அதுக்குக் குறைஞ்சது அஞ்சு பேர் சேரணும். எங்க பக்கம் மருந்தடிக்காதவங்க மூணே பேருதான்.

கடைசியில என்னாச்சு? என் கீரை நின்னுபோச்சு. இப்ப பெங்களூர்லருந்து ஏசி வண்டியில, பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள, ஸ்டிக்கர் ஒட்டின கீரை வருது. ஆறு கிலோமீட்டர்ல சைக்கிள்ல வந்த கீரை சுற்றுச்சூழலுக்கு ஆகாது, பெங்களூர்லருந்து டீசல் குடிச்சு வந்தது ஆகும். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியலைங்க. நான் பத்தாவதோட நின்னவன்.

சான்று குடுக்கறவங்க ஃபைலை மூடிட்டு ஒரு நாள் எங்க வரப்புல நடந்து பாக்கட்டும். ஓட்டல் முதலாளி குப்பை பிரிக்கற பசங்களுக்கு நாலு காசு சேத்துக் குடுத்து நிறுத்தி வைக்கட்டும். நீங்க ஒரே துண்டை ரெண்டு நாள் தொடைச்சுக்குங்க. இது மூணும் இல்லாம அந்த ஓட்டல் மறுபடி சான்றிதழ் வாங்கினாலும் அடுத்த வருசம் நிக்காது.

வாழை இலை மட்டும் இன்னும் என்கிட்டத்தான் வாங்கறாங்க. அதுக்கு ஏன் தம்பி தாள் கேக்கலைன்னு கேட்டேன். இலை சாப்பாட்டுப் பொருள்ல வராதாமா.