கருவிகளுக்கும் ஒரு பொதுமொழி

இருவர் உரையாட மொழி வேண்டும். அம்மொழிக்கு இருவரும் ஒப்புக்கொண்ட மரபும் வேண்டும். இவ்வுண்மை கருவிகளுக்கும் பொருந்தும். மின்விளக்கையும் மின்விசிறியையும் தொலைவிலிருந்தே இயக்க உதவும் செய்தி மரபினைப் பொறியியலார் 'நெறிமுறை' என வழங்குவர். ஆணை எவ்வடிவில் செல்ல வேண்டும், விடை எவ்வாறு வர வேண்டும் என்பதை வரையறுப்பது அதுவே.

இது மாநகர மாளிகைகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. சேலம், நாமக்கல் சமவெளி உழவர்க்கு வீட்டுக் கருவிகளினும் இன்றியமையாதது கிணற்று மோட்டார். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்த காலத்தில், கைவிளக்கோடு வரப்பில் நடந்த தலைமுறையை நாம் அறிவோம். இன்றோ கைப்பேசி ஆணைக்கு மோட்டார் ஓடுகின்றது, நிற்கின்றது. புனேயில் உருவான 'நானோ கணேஷ்' இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. தமிழக அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையும் இத்தகைய கருவிகளுக்கு மானியம் வழங்கியுள்ளது.

ஆயினும், பேசும் மொழி வழக்கொழிந்தால் கருவி ஊமையாகும். மோட்டாரை இயக்கும் கருவிகள் பல 2ஜி அலைபேசிச் சேவையை நம்பி அமைந்தவை. 2016இல் சேவை தொடங்கிய ஜியோ நிறுவனமோ தன் வலையமைப்பில் 2ஜியை அமைக்கவே இல்லை. சிம் அட்டையை மாற்ற எண்ணும் உழவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். அமெரிக்காவில் விற்கப்பட்ட 'ரிவால்வ்' என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு நேர்ந்ததும் எண்ணத்தக்கது. 2016 மே திங்களில் நிறுவனம் தன் சேவையை நிறுத்தியதும், பழுதில்லாத கருவி பயனற்றுப் போயிற்று. விலை கொடுத்தவர் ஒருவர், உரிமை வேறொருவரிடம்!

இக்குறையை உணர்ந்தே ஆப்பிள், கூகுள், அமேசான் முதலிய நிறுவனங்கள் இணைந்து 2022இல் 'மேட்டர்' என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டன. வெவ்வேறு நிறுவனக் கருவிகள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசிக்கொள்ள அது வழி செய்கின்றது.

வாங்குமுன் நாம் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். பிற நிறுவனக் கருவிகளோடு இது பேசுமா? இணையம் இல்லாதபோதும் இயங்குமா? கையால் இயக்கும் பொத்தான் உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' எனும் விடை வராத கருவிக்குப் பணம் கொடுத்தல் தகாது என்பது நம் கருத்து.

நான்காவது வினா தமிழ்த்துறையினராகிய நம்மை நோக்கியது. கையேடு தமிழில் உள்ளதா? அறிவியல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடி அமர்ந்தால், உழவர் படித்துணரும் கையேட்டை எழுதுதல் அரிதன்று. கருவிகளுக்குப் பொதுமொழி கண்ட காலத்தில், அவற்றைக் கையாளும் மக்களுக்குத் தாய்மொழியில் விளக்கம் கிடைக்க வேண்டாமா? அப்பணியை நம் கல்லூரியே தொடங்கலாம்.