நிலாவும் சிகரெட்டும்

நிலாவுக்கே ஆள் அனுப்பியாச்சு, ஒரு வியாதியை ஒழிக்க முடியாதா என்ன? அமெரிக்காவில் இப்படித்தான் கிளம்பினாங்க. 1971 டிசம்பரில் அதிபர் நிக்சன் தேசிய புற்றுநோய் சட்டத்தில் கையெழுத்துப் போட, ஆராய்ச்சிக்குப் பணம் கொட்ட ஆரம்பிச்சது. 1980-களில் அங்குள்ள தேசிய புற்றுநோய் நிறுவனம் டார்கெட்டே வெச்சது. 2000-க்குள் புற்றுநோய் மரண விகிதம் பாதியாகணும்!

ஆச்சா? ம்ஹூம். 1991 வரை ஏறிக்கிட்டேதான் இருந்தது. லட்சம் பேருக்கு சுமார் 215 மரணம். 2000 பொறந்தப்போ அதில் 10 சதவீதம்கூடக் குறையலை.

ஆனா, கதை அங்கே முடியலை பாஸ். 1991-லிருந்து 2022 வரை பார்த்தா, விகிதம் மூணில் ஒரு பங்கு இறங்கியிருக்கு. சுமார் 45 லட்சம் உயிர் தப்பியிருக்குன்னு அமெரிக்க புற்றுநோய் சங்கம் கணக்கு சொல்லுது. புது மருந்து, சீக்கிரமே கண்டுபிடிக்கிற டெஸ்ட், எல்லாத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனா ஃபர்ஸ்ட் மார்க், சிகரெட்டைத் தூக்கிப் போட்டவங்களுக்குத்தான்!

அதுக்கு ஆரம்பம் 1964 ஜனவரி 11. சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருதுன்னு அரசின் தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி அறிக்கை வெளியிட்டார். அதுவும் சனிக்கிழமையாப் பார்த்து. வார நாளில் விட்டா பங்குச் சந்தை ஆட்டம் கண்டுடுமேன்னு பயம்! அப்போ அங்கே பெரியவங்கள்ல 100-க்கு 40 பேருக்கு மேல ஊதித் தள்ளினாங்க. 1971-ல் டி.வி. விளம்பரத்துக்குத் தடை, அப்புறம் வரி மேல வரி... 2022-ல் அது சுமார் 12 பேர்.

இதில் ஒரு கடுப்பு என்னன்னா, சிகரெட்டை நிறுத்தினதோட பலன் நாட்டுக் கணக்கில் தெரிய 20, 30 வருஷம் ஆகும். 1964-ல் அடிச்ச மணி 1991-க்கு அப்புறம்தான் கேட்டது. பெண்கள் லேட்டா ஊத ஆரம்பிச்சதால, அவங்க நுரையீரல் புற்றுநோய் கணக்கு இறங்கினதும் லேட்டுதான்.

'அப்படின்னா ஏன் இன்னமும் வருஷத்துக்கு 6 லட்சம் பேர் சாகறாங்க?'ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஜனத்தொகை கூடிடுச்சு, வயசானவங்களும் கூடிட்டாங்க. அதனாலதான் டார்கெட்டை எப்பவும் தலைக்கணக்கில் வைக்காம விகிதத்தில் வைக்கிறாங்க.

2022-ல் அதிபர் பைடன் மறுபடியும் அதே பாதிக் கணக்கை எடுத்தார். மூளைப் புற்றுநோய்க்கு 2015-ல் மகனைப் பறிகொடுத்தவர் அவர். இந்த முறை கெடு 25 வருஷம். திட்டத்தோட பேரிலும் அதே நிலாதான், 'கேன்சர் மூன்ஷாட்'. கெடு முடியற 2047-ல், அறிவிப்பு வந்தப்போ 20 வயசா இருந்தவங்களுக்கு 45 ஆகியிருக்கும். காலேஜ் வாசலில் பத்த வெச்ச சிகரெட் பில் நீட்ட ஆரம்பிக்கிறது பெரும்பாலும் அந்த வயசுக்கு அப்புறம்தான்.