நெரிசல் பக்திக்குப் பரீட்சையா?

புதுச்சேரியின் வில்லியனூரிலும் பாகூரிலும் சலிக்காமல் சொல்லப்படும் வாதம் இது: உண்மையான பக்தி இருந்தால் நெரிசல் உறைக்காது, கூட்டத்துக்கு அஞ்சுபவருக்குக் குரு தரிசனத்துக்குத் தகுதி இல்லை.

ஒன்று. இதற்குப் பதில் புதுச்சேரியிலேயே இருக்கிறது. 1926 நவம்பர் 24க்குப் பின் ஆன்மிக குரு அரவிந்தர் அறைக்குள் ஒதுங்கினார். 1950இல் மறையும்வரை ஆண்டுக்குச் சில நாட்களே தரிசனம் தந்தார். வந்தவர்கள் வரிசையாக அவரைக் கடந்து போனார்கள். கூட்டத்தை விட்டு விலகியவரைப் பார்க்க வந்தவர் கூட்டத்தில் திணறினால், அது பக்திக் குறைவா?

இரண்டு. கூட்டத்தைக் கண்டு எழும் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1992 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமகத்தில் ஏறத்தாழ 50 பேர் நெரிசலில் இறந்தார்கள். 2024 ஜூலை 2 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில், ஒரு சாமியாரின் சத்சங்கம் முடிந்த நேரத்தில் 121 பேர், பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பக்தி போதவில்லை என்று எந்த வாயால் சொல்வீர்கள்? நெரிசலில் பலரைக் கொல்வது மிதிபடுவதுகூட அல்ல, மார்பு விரிய இடமின்றி மூச்சு நின்றுபோவது. பக்தி அதைத் தடுக்காது.

மூன்று. மூச்சு முட்டும் என்று தெரிந்தே பாகூரிலிருந்து தரிசனத்துக்குப் பஸ் ஏறி வந்து, ஓரமாக நின்று கும்பிட்டுத் திரும்புகிற பெண்ணின் வருகை யாருடைய வருகையைவிடக் குறைந்தது? அவரை அளக்கும் நேரத்தில் ஏற்பாட்டாளர்களைக் கேளுங்கள்: வெளியேற எத்தனை வழி? முதியவர்களுக்குத் தனி வரிசை உண்டா? தண்ணீர் எங்கே?